பன்னிரண்டு வோல்ட் பழி

"படுபாவி! மறுபடியும் போச்சு!"

வரைபடக்காரி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பென்சில் டப்பா துள்ளிக் கவிழ்ந்தது. திரை கறுத்துக் கிடந்தது. காலடியில் நின்ற கம்ப்யூட்டர் பெட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. காலையிலிருந்து இது நான்காவது தடவை.

மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்துக்குள் நகர நூலகக் கட்டட வடிவமைப்புப் போட்டிக்கு வரைபடங்களை அனுப்பியாக வேண்டும். கோடுகளெல்லாம் போட்டு முடித்தாயிற்று. கட்டடம் எழும்பினால் வெயிலில் எப்படி நிற்கும் என்று காட்டுகிற பெரிய படங்களை மட்டும் கம்ப்யூட்டர் தீட்டித் தர வேண்டும். ரெண்டர் என்பார்கள். மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய வேலை அது. இந்தச் சனியனோ மூன்று நிமிடத்தில் செத்து விழுகிறது.

போட்டியில் தோற்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் யாரிடம் தோற்பது? அதே போட்டிக்கு அவளுடைய பழைய முதலாளியும் வரைபடம் அனுப்புகிறார். ஏழு வருடம் அந்த ஆபீசில் அவள் வரைந்தாள், அவர் கையெழுத்துப் போட்டார். அவளுடைய வரைபடத்துக்குப் பரிசு வாங்க அவர் மேடையேறிய நேரத்தில், "காரில் என் குடை இருக்கு, எடுத்துட்டு வாம்மா" என்று அவளை வெளியே அனுப்பினார். குடையோடு திரும்பி வந்தபோது கைதட்டல் முடிந்திருந்தது. மறுநாளே வேலையை விட்டாள். அந்த மனுஷன் முகத்தில் கரியைப் பூச வேண்டும், அதையும் ஊர் பார்க்கப் பூச வேண்டும். அந்த ஒரே வெறியில்தான் ஒன்பது மாதமாக வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் சர்வேயர்.

எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தீ விபத்து இன்சூரன்சில் இருபது வருடம் சேதம் அளந்தவர். கரிக்கட்டையாகிப் போன வீட்டுக்குள் நுழைந்து, எந்த ஒயர் முதலில் புகைந்தது, யார் புகைய வைத்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். கம்பெனியை விட்டு வந்து இப்போது துப்பறிகிறார். பேச்சில் கஞ்சம். அந்தக் கஞ்சத்தனத்தை ஈடுகட்டத்தான் உதவியாளராக ஒரு முன்னாள் பஸ் கண்டக்டரை வைத்திருக்கிறார் போலும். அந்த அம்மாளை எல்லோரும் இன்னமும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோளில் அதே தோல்பை தொங்கியது. சில்லறை இருந்த இடத்தில் இப்போது ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்தன.

"சந்தேகமா? சத்தியமே பண்ணுவேன். மாடியில இருக்காளே என் நாத்தனார், அவதான்" என்றாள் வரைபடக்காரி. "நான் ரெண்டர் போட உக்கார்ற நேரம் பாத்து வாஷிங் மெஷினைப் போடறா. கரண்ட் இறங்கி எனக்கு அணைஞ்சு போகுது. வேணும்னே பண்றா சார். 'வீட்டுல உக்காந்து கோடு போடறதெல்லாம் ஒரு வேலையா'ன்னு சொந்தக்காரங்க முன்னாடி கேட்டவ அவ. ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது."

"அக்கா அப்படிப்பட்டவ இல்ல" என்றான் அவள் கணவன். கையில் டீ தட்டுடன் வாசற்படியில் நின்றான். "மெஷின் பழசாயிட்டா இப்படித்தான். நாளைக்குக் கடை திறந்ததும் புதுசு வாங்கிக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கறேன். இதுக்குப் போய்த் துப்பறியறவங்களைக் கூப்பிட்டிருக்கா."

"நாளைக்கு வாங்கி? தலையில கவுத்துக்கறதா?" என்று சீறினாள். அவன் தட்டை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

கண்டக்டர் ஒரு கோப்பையை எடுத்து உறிஞ்சினாள். "டீ நல்லாருக்கு தம்பி. இந்த வீட்டுல ஒழுங்கா வேலை செய்யற பொருள் அடுப்பு ஒண்ணுதான் போல."

சர்வேயர் எழுந்து மேசை விளக்கை எடுத்து, கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே பலகையில் செருகினார். மாடியில் வாஷிங் மெஷின் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

"இப்ப ரெண்டர் போடுங்க. நான் திரையைப் பாக்க மாட்டேன், விளக்கைத்தான் பாப்பேன்."

அவள் போட்டாள். விசிறிகள் இரைந்தன. இரண்டரை நிமிடம். 'டொக்'. கம்ப்யூட்டர் அணைந்தது. விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"வீட்டுக் கரண்ட் இறங்கினா விளக்கும் கண்ணைச் சிமிட்டியிருக்கணும். சிமிட்டலை. உங்க நாத்தனார் துணிதான் துவைக்கறாங்க, வேற ஒண்ணும் பண்ணலை."

வரைபடக்காரிக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டு வருடமாக ஊற்றி ஊற்றி வளர்த்த கோபம் அல்லவா, அதை ஒரு மேசை விளக்கு தள்ளுபடி செய்துவிட முடியுமா?

"வெறும் கோடு போடும்போது அணையுமா?" என்றார் சர்வேயர்.

"நாள் பூரா ஓடும். ரெண்டர் போட்டாத்தான் இந்தக் கூத்து."

"அப்ப சுமை ஏறினாத்தான் விழுது." அவர் தரையில் மண்டியிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். "சுவத்துல இருந்து வர்ற கரண்டை உள்ள இருக்கற பாகங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கறது பவர் சப்ளை. மஞ்சள் ஒயர்ல பன்னிரண்டு வோல்ட் வரணும். பதினொண்ணரை வந்தாக்கூட ஏதோ ஓட்டலாம். கண்டக்டர், மீட்டர்!"

"மீட்டருக்கு மேல எதுவும் கேக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து நீட்டினாள் கண்டக்டர்.

உபயோகமில்லாமல் தொங்கிய ஒரு பிளக்கில் மீட்டரின் ஊசிகளை வைத்தார். பதினொன்று புள்ளி எட்டு. வரைபடக்காரி மறுபடி ரெண்டரைத் தட்டினாள். எண் சரியத் தொடங்கியது. பதினொன்று நான்கு. பதினொன்று. பத்து புள்ளி ஆறு. 'டொக்'.

"கிடைச்சான்" என்றார் சர்வேயர்.

சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, நான்கு திருகுகளையும் கழற்றிப் பவர் சப்ளையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். செங்கல் அளவு இரும்புப் பெட்டி, ஒரு கொத்து ஒயர். பெரிய பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுத் தனியாகக் கரண்ட் கொடுத்தார். அதன் விசிறி சமர்த்தாகச் சுற்றியது.

"இப்ப மட்டும் ஓடுதே!" என்றாள் வரைபடக்காரி.

"வேலை சொல்லாத வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான்மா" என்றாள் கண்டக்டர். "என் டிப்போவுல ஒரு டிரைவர் இருந்தான். பஸ் நிக்கிற வரைக்கும் அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது."

சர்வேயர் சிரிக்கவில்லை. கரண்டை நிறுத்திவிட்டு விசிறிக் கம்பிவலைக்கு நேராக டார்ச் அடித்தார். பிறகு காலியான கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடித்தார். மறுபடியும் கம்பிவலை.

"இந்தக் கம்ப்யூட்டர் வாங்கி எத்தனை நாள் ஆச்சு?"

"ஒன்பது மாசம். எல்லாமே புதுசா வாங்கிப் போட்டது."

"பெட்டி சுத்தமா இருக்கு. ஒன்பது மாசத் தூசுதான். ஆனா இதுக்குள்ள நாலஞ்சு வருஷ அழுக்கு. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு வயசு எப்படி இருக்கும்? புருவம் எடுக்கற இடுக்கி இருக்கா?"

ஓடிப்போய் எடுத்துவந்தாள். அவர் வலையின் இடுக்கு வழியாக எதையோ பிடித்து இழுத்தார். மெத்து மெத்தென்று ஒரு முடிக்கற்றை வந்தது. வெயிலில் பிடித்தார். ஆரஞ்சு நிறம்.

"பூனை வளர்க்கறீங்களா?"

"வீட்டுக்குள்ள பல்லியைக்கூட விடமாட்டா" என்றான் கணவன் அவசரமாக.

வரைபடக்காரி அந்தக் கற்றையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அந்த ஆரஞ்சு முடியை அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் தன் உடுப்பிலிருந்து பொறுக்கி எறிந்த முடி அது. முதலாளி ஆபீசில் ஒரு பூனை உண்டு. மேனேஜர் என்று பெயர். எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைப்பதால் அந்தப் பெயர். அவளுடைய மேசைக்கடியில், கம்ப்யூட்டர் சூட்டில், விசிறிக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தே வளர்ந்தது.

"இது என் பழைய மெஷின்ல இருந்தது" என்றாள். "அந்த ஆபீஸ்ல நான் உக்காந்த மெஷின். இது எப்படி சார் என் வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"அவசரப்படாதீங்க. நீங்க வாங்கினதோட அட்டைப்பெட்டி இருந்தா அதுல நம்பர் இருக்கும். ஒத்துப் பாத்துடலாம்."

"அதெல்லாம் எங்கயாவது அடியில கிடக்கும், தேட முடியாது" என்றான் கணவன். "பால் தீந்து போச்சு. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் அப்படிச் சொன்னாலும் அந்த வீட்டில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? இஸ்திரிப்பெட்டி வந்த பெட்டி, பல்ப் வந்த பெட்டி என்று கல்யாணமான நாளிலிருந்து ஒன்றையும் அவன் தூக்கிப் போட்டதில்லை. பரண் முழுக்க வெறும் பெட்டிகள்தான். கண்டக்டர் ஸ்டூல்மேல் ஏறி, "உள்ளே போ, உள்ளே போ, இடமிருக்கு" என்று பெட்டிகளை அதட்டித் தள்ளி ஐந்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த நம்பர் நான்கு ஏழு ஒன்றில் முடிந்தது. மேசைமேல் கிடந்த இரும்பில் இருந்த நம்பர் வேறு.

"மாத்தியிருக்காங்க" என்றார் சர்வேயர். "புதுசை எடுத்துட்டு, சாகப் போற பழசை வச்சிருக்காங்க. கோடு போட்டா தாங்கும், கடைசி நாள் ரெண்டர் போட்டா கவுத்திடும். விஷயம் தெரிஞ்ச ஆள். இந்தக் கம்ப்யூட்டர் எப்பவாவது வீட்டை விட்டு வெளிய போச்சா?"

"எங்கயும் போகலையே..." என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்தாள். "மூணு வாரம் முன்னாடி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு ரெண்டு நாள் ஊருக்குப் போயிருந்தேன். அப்ப பெரிய மழை. இந்த ரூம்ல கூரை ஒழுகிச்சாம். நனைஞ்சிடக் கூடாதுன்னு இவர் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய் மாடியில அவங்க அக்கா வீட்டுல வச்சாராம். ரெண்டு நாள் முழுக்க அங்கதான் இருந்துச்சு."

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் சிவந்தது. "பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல? அவளும் அந்த ஆளும் கூட்டு! வீடியோ எடிட்டிங் பண்றவ அவ, கம்ப்யூட்டரைப் பிரிக்கத் தெரியாதா? அவளை இன்னிக்கு நாறடிக்கலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

"கொஞ்சம் இருங்க" என்றார் சர்வேயர்.

யார் இருந்தார்கள்? இரண்டு வருடமாக மிதிக்காத படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கண்டக்டர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள். சர்வேயர் பவர் சப்ளையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிதானமாக வந்தார்.

நாத்தனார் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப். தம்பி பெண்டாட்டியைப் பார்த்ததும் கிளிப்புகள் கீழே விழுந்தன.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன் அண்ணி?" வரைபடக்காரி கத்தினாள். "என் வயித்துல அடிக்க அந்த ஆளு உங்களுக்கு என்ன குடுத்தான்? ரெண்டு நாள் என் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு என்ன வேலை பண்ணீங்க?"

"எந்தக் கம்ப்யூட்டர்?"

"நடிக்காதீங்க! நான் ஊருக்குப் போயிருந்தப்போ, மழையில, இங்க கொண்டாந்து வச்சாரே!"

நாத்தனார் ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "என் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வரலை. உன் கம்ப்யூட்டரை அவன் கார்ல ஏத்தினான். இதோ இங்க நின்னுதான் பாத்தேன். பெட்ஷீட் போட்டு மூடி ஏத்தினான். மறுநாள் சாயங்காலம் அதே பெட்ஷீட்டோட இறக்கினான். மழையா? அன்னிக்கு நான் மூணு வாளி துணி காயப் போட்டேன்."

கொடியில் துணிகள் படபடத்தன.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டாள் வரைபடக்காரி. அது அவளுக்கே முட்டாள்தனமான கேள்வியாகப் பட்டது.

"நீதான் எங்கிட்டப் பேசறதில்லையே. கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? 'புருஷன் பெண்டாட்டிக்குள்ள சிண்டு முடியறா'ன்னு ஆரம்பிச்சிருப்ப."

"பொய்யை வைக்கப் பத்திரமான இடம் பாத்திருக்கார்" என்றார் சர்வேயர் மெதுவாக. "நீங்க ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசிக்க மாட்டீங்க. அந்த நம்பிக்கையில வச்சிருக்கார்."

படியில் காலடிச் சத்தம். கணவன் நின்றுகொண்டிருந்தான், கையில் பால் பாக்கெட்டுடன். எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். சர்வேயரின் அக்குளில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றான்.

வரைபடக்காரிக்கு முதலில் கோபம் வரவில்லை. "யாருக்கு நல்லது?"

"அவர் ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நீ திரும்பி வந்தா உன் பேரைப் பலகையில போடறேன்னார். வருஷா வருஷம் நிலையா வேலை இருக்கும்னார். இந்தப் போட்டியில தோத்தாத்தான் நீ இறங்கி வருவேன்னு... ரெண்டு பேருக்கும் தோணுச்சு. மெதுவா ஓடும், அவ்வளவுதான்னு சொன்னார். இப்படி அணைஞ்சு அணைஞ்சு போகும்னு எனக்குத் தெரியாது. நீ ராப்பகலா கண் முழிச்சு உருக்குலைஞ்சு போறதை என்னால பாக்க முடியல."

"பாக்க முடியலையா? நாலு தடவை அணைஞ்சப்பவும் பக்கத்துல நின்னு டீதானேய்யா போட்டீங்க! உங்க அக்கா மேல நான் மண்ணை வாரித் தூத்தினப்போ வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க!"

அவன் தலை குனிந்தான். இப்போது வந்தது அவளுக்குக் கோபம். உள்ளங்கால் வரை எரிந்தது. அந்த மனுஷன் ஏழு வருட உழைப்பைத் தின்றார் என்றால் அவர் வெளி ஆள். இவன் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

"என்னோட பவர் சப்ளை எங்க?" என்றார் சர்வேயர், ஏதோ அது அவருடைய சொந்தப் பொருள் போல.

"அங்கதான். இவளோட பழைய மெஷின்ல மாட்டிட்டாங்க. அவங்களும் இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு அதுலதான் ரெண்டர் போடப் போறாங்க."

கண்டக்டர் கையைத் தட்டினாள். "அடடா! தூக்கிப் போட்டுத் தொலைச்சிருந்தா தடயமே இல்ல. புதுசாச்சேன்னு எடுத்து மாட்டிக்கிட்டாரு. நீங்க அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடலை, அவர் உள்ள இருந்ததைத் தூக்கிப் போடலை. சரியான ஜோடி தம்பி!"

நாத்தனார் உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு பவர் சப்ளை இருந்தது. தன் எடிட்டிங் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது.

"வீடியோவுக்கே தாங்கும், உன் கட்டடத்துக்குத் தாங்காதா? மாட்டிக்க" என்று தம்பி பெண்டாட்டியிடம் நீட்டினாள். "ரெண்டர் முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கறேன். உனக்காக இல்ல. இவன் என் பேர்ல பொய் சொன்னான் பாரு, அதுக்காக."

பதினொன்றரைக்கு ரெண்டர் ஓட ஆரம்பித்தது. மூன்று நிமிடம் தாண்டியது. பத்து நிமிடம் தாண்டியது. மீட்டரில் பன்னிரண்டு ஆடாமல் நின்றது. வரைபடக்காரி அதைப் பார்த்துக்கொண்டே சர்வேயரிடம் கேட்டாள்.

"அவங்களுக்கும் மூணு மணி நேரம்தானே ஆகும்?"

"ஆமா."

"அப்ப ரெண்டு மணிக்கு மேல அணைஞ்சா, மறுபடி முதல்லேருந்து போட்டு அஞ்சுக்குள்ள முடிக்க முடியாது."

சர்வேயர் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். இருபது வருடம் நெருப்பு வைத்தவர்களின் முகங்களைப் பார்த்தவர் அவர். "முடியாது" என்றார்.

"ரெண்டேகாலுக்குக் கிளம்பலாம். என் பொருளை நான் எடுக்கப் போறேன். ஏங்க, நீங்களும் வாங்க."

முதலாளியின் ஆபீசில் ஞாயிறென்றும் பாராமல் நாலைந்து பேர் ஒரே திரையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தொண்ணூற்று நான்கு சதவீதம் என்று காட்டியது. அவளுடைய பழைய மேசை, பழைய நாற்காலி. சூடு தாங்காதென்று கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆரஞ்சுப் பூனை கம்ப்யூட்டர்மேல் படுத்துக்கிடந்தது.

"வாம்மா, வா!" முதலாளி முகமெல்லாம் பல்லாக எழுந்தார். "வருவேன்னு தெரியும். முடியலையா? பரவாயில்ல, மனசைத் தேத்திக்க. இது உன் இடம்."

சர்வேயர் குனிந்து உள்ளே டார்ச் அடித்தார். அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் பிடித்தார். "நாலு ஏழு ஒண்ணு. ஒத்துப் போகுது. இது இந்த அம்மாவோடது சார். உங்களோட பழசு இதோ என் கையில இருக்கு. சேதாரம் இல்லாம கொண்டு வந்திருக்கேன்."

முதலாளியின் பல் மறைந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் இது தெரியாது என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"சரி, சரி. பெரிசு பண்ண வேண்டாம். இன்னும் பத்து நிமிஷம். ரெண்டர் முடியட்டும், நானே கழட்டித் தர்றேன்."

"நீங்க ஏன் கழட்டணும்?" என்றாள் வரைபடக்காரி. கண்டக்டரின் தோல்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். "மாட்டறதுக்குத் தூக்கிட்டு வந்தவர் இவர்தானே? இவரே கழட்டட்டும்."

கணவன் அவளைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான்.

"தம்பி, வேண்டாம்" என்றார் முதலாளி. "ஒரு வருஷ வேலை. இவ்வளவு பேரோட உழைப்பு. பலகையில அவ பேரைப் போடறேன்னேனே, நாளைக்கே போடறேன். பத்தே நிமிஷம் தம்பி."

தொண்ணூற்றைந்து.

"ஏழு வருஷம் சார்" என்றாள் அவள். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஒன்பது மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கை மட்டும் ஸ்க்ரூ டிரைவரை நீட்டியபடி நின்றது.

கணவன் அதை வாங்கிக்கொண்டான். குனிந்தான். சுவரில் இருந்த ஒயரைப் பிடித்துப் பிடுங்கினான்.

திரை கறுத்தது. விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. யாரோ "ஐயோ" என்றார்கள். முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு, சூடு போய்விட்டதே என்று வேறு இடம் தேடிப் போனது. வரைபடக்காரி முதலாளியின் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், சர்க்கரையாக இனித்தது.

"கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்கலாம்" என்றாள் கண்டக்டர்.

நான்கு திருகுகளையும் கணவன்தான் கழற்றினான். இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மனைவிக்குப் பின்னால் படியிறங்கி வந்தான். தெருவில் வெயில் கொளுத்தியது. நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. ரெண்டர் முடிந்துவிட்டது, படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, சீக்கிரம் வந்து அனுப்பு என்றாள்.

காரருகே வந்ததும் கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நீ சொன்னபடியே பண்ணிட்டேன். எல்லாம் சரியாப் போச்சில்ல?"

வரைபடக்காரி பவர் சப்ளையை அவன் கையிலிருந்து வாங்கி முன்சீட்டில் வைத்தாள். அதற்கு பெல்ட்டைப் போட்டுவிட்டாள். ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து, பின்கதவைக் கையால் காட்டினாள். அங்கே சர்வேயரும் கண்டக்டரும் ஏற்கனவே நகர்ந்து நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

"அவரோட கணக்கு சரியாப் போச்சு" என்றாள். "ஏறுங்க. உங்களோடதை வீட்டுல போய் ஆரம்பிக்கணும்."